இரண்டு நொடி சத்தம்: டென்ஷனர் ஸ்பிரிங் மாற்றிய அனுபவம்

காலையில் காரின் சாவியைத் திருப்பியதும் முதல் இரண்டு நொடிக்கு மட்டும் அந்தச் சத்தம் வரும். சில்லறை போட்ட தகர டப்பாவை யாரோ வேகமாக உலுக்கி நிறுத்திவிட்ட மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் அமைதியாக ஓடும். இழுவையில் குறையில்லை, மைலேஜ் குறையவில்லை, டாஷ்போர்டில் விளக்கும் எரியவில்லை. அதனாலேயே ஏழெட்டு மாதம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். தானாக நின்றுபோகிற சத்தத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

சர்வீஸுக்கு விட்டபோது சொன்னேன். எஞ்சின் சூடாக இருந்ததால் அங்கே சத்தம் வரவே இல்லை. "டேப்பெட் சத்தமாத்தான் இருக்கும் சார், கொஞ்சம் திக்கான ஆயில் ஊத்திடறேன், சரியாயிடும்" என்றார் மெக்கானிக். டேப்பெட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். ஊற்றினார். சத்தம் குறையவில்லை, சொல்லப்போனால் அரை நொடி கூடியது. காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை. தடித்த ஆயில் குளிர்ந்த எஞ்சினில் மெதுவாகத்தான் ஏறும். ஆயில் வந்து சேர்ந்தால்தான் நிற்கும் சத்தம் என்றால், ஆயில் தாமதமாவதற்குத் தக்கபடி சத்தமும் நீளத்தானே செய்யும்? மெக்கானிக் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்காத சத்தத்துக்கு அவர் என்ன வைத்தியம் பார்ப்பார்?

அப்புறம்தான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. இரவு முழுக்க நின்றால் கட்டாயம் உண்டு. இன்னொன்று, சத்தத்தின் தாளம். டேப்பெட் என்றால் ஒரே சீராக 'டிக் டிக்' என்று தட்டும், எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் கூடும். இதில் அந்தச் சீர் கிடையாது. எதுவோ தளர்ந்து சுவரில் அடிபட்டு இழுபடுகிற சத்தம்.

அக்கா மகன் வந்திருந்த ஒரு நாள் அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றேன். கையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது துல்லியமாகக் கேட்கும். மெக்கானிக்குகள் காலம்காலமாகச் செய்வதுதான். பெல்ட், ஃபேன் பக்கம் சட்டை நுனியோ ஸ்க்ரூ டிரைவரோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "மாமா, போடட்டுமா?" என்றான். போடச் சொன்னேன். டேப்பெட் கவர் மேல் வைத்தபோது சத்தம் தூரத்தில் கேட்டது. அடுத்த நாள் காலை எஞ்சினின் முன்பக்கம் டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர் மேல் வைத்தேன், காதுக்குள்ளேயே உலுக்கியது. ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புதான், மறுபடி கேட்க மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். அதனால் பையன் கைபேசியில் பதிவும் செய்துவைத்தான். அது பின்னால் நன்றாக உதவியது.

டைமிங் செயின் என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் கட்டிப்போடும் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கு பிசகாமல் இருந்தால்தான் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுதான், நேரம் மட்டும்தான் வேறு. செயின் சில பற்கள் தாவினால் இரண்டும் மோதிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும். அப்படி ஆகாமல் செயினின் தளர்வான பக்கத்தை அழுத்திப் பிடித்திருப்பதுதான் டென்ஷனர். செயின் பக்கம் தள்ளும் சின்ன உருளையான ஒரு பிளஞ்சர், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், எஞ்சின் ஆயில் உள்ளே வர ஒரு துளை, வந்த ஆயில் திரும்பிப் போகாதிருக்க ஒரு குண்டு வால்வு. என் எஞ்சினில் அவ்வளவுதான்.

எஞ்சின் ஓடும்போது பிளஞ்சரைத் தள்ளிப் பிடிப்பதில் பெரும்பங்கு ஆயில் அழுத்தத்துக்கு. இரவெல்லாம் நின்றால் அந்த அறையில் உள்ள ஆயில் கசிந்து இறங்கிவிடும். காலையில் ஆயில் பம்ப் அழுத்தம் ஏற்றி அனுப்பும் வரை செயினைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங்கைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்தச் சில கணங்களுக்காகத்தான் ஸ்பிரிங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். நிமிடத்துக்கு 1200 சுற்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு நொடியில் கிராங்க் 40 சுற்று சுற்றிவிடும். நாற்பது சுற்றும் செயின் கட்டவிழ்ந்து ஆடுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு தினமும் சாவியைத் திருப்பவே கை கூசியது.

எனக்கு அதிர்ஷ்டம் என்னவென்றால், என் எஞ்சினில் டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றலாம். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் பெரிய அறுகோண மூடி ஒன்று, அதைத் திறந்தால் பின்னால் ஸ்பிரிங், அதற்குப் பின்னால் பிளஞ்சர். எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. பலவற்றில் டைமிங் கவரையே கழற்ற வேண்டும், அது ஒரு நாள் வேலை இல்லை. சிலவற்றில் ஸ்பிரிங் தனியாகக் கிடைக்காது, டென்ஷனரை முழுசாகத்தான் வாங்க வேண்டும். பிளஞ்சர் பின்வாங்காமல் தடுக்கும் பற்சட்டம் வைத்த டென்ஷனர் என்றால் இன்னொரு சிக்கல்: கழற்றியதும் பிளஞ்சர் முழு நீளத்துக்கு வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். அதை அப்படியே திருப்பி முடுக்கினால் செயின் விறைத்துப்போகும். பிளஞ்சரை உள்ளே தள்ளி, ஒரு சின்னக் கம்பியைக் குத்திப் பூட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும். ஆகவே உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். நான் சொல்வது என் எஞ்சின் கதை.

முதல் முறை கழற்றியபோது நான் செய்ததெல்லாம் தவறு. மூடியின் கடைசி மரை விடும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ராட்செட்டைக் கடகடவென்று சுழற்றிக்கொண்டே போனேன். மூடி தெறித்து ரேடியேட்டர் ஃபேன் கூண்டில் பட்டு எங்கோ விழுந்தது, ஸ்பிரிங் என் மணிக்கட்டில் அடித்தது. மூடியின் அடியில் இருந்த செம்பு வாஷரைத் தேடி எடுக்க அரை மணி நேரம். அது எஞ்சினுக்குள் விழுந்துவிட்டதோ என்று வயிறு கலங்கிய அந்த அரை மணி நேரத்தை மறக்கவே முடியாது.

ஸ்பிரிங்கைத் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். உடைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், முழுசாக இருந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் கம்பி தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. விரல் நகத்தை அந்தப் பக்கம் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டை தெரிந்தது. உள்ளே கொஞ்சம் வளைந்து நின்று, எஞ்சின் அதிர்வில் சுவரோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மேசை மேல் நிமிர்த்தி வைத்தால் நேராக நிற்காமல் ஒருபுறம் சாய்ந்தது.

புதிய ஸ்பிரிங் வர நாளாகும் என்றார்கள். சரி, அதுவரை இதையே கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன், நீண்டது, மாட்டினேன். மறுநாள் காலை சத்தமே இல்லை. எனக்குள் பெரிய மெக்கானிக் ஆகிவிட்ட நினைப்பு. மூன்றாவது வாரம் சத்தம் திரும்ப வந்தது, முன்பைவிடச் சற்று நீளமாக.

ஏன் என்று யோசித்தால் எளிதுதான். இழுத்தபோது ஸ்பிரிங் நீண்டு அப்படியே நின்றது என்றாலே, அதன் மீளும் எல்லையைத் தாண்டி வளைத்துவிட்டேன் என்று பொருள். அப்படி நீட்டிய நீளம் சூட்டிலும் அமுக்கத்திலும் நிலைக்காது, அமுங்கிப் பழைய நிலைக்கே வந்துவிடும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்து முட்டுக்கொடுத்தால் போதும் என்றும் ஒருவர் சொன்னார். அதை நான் செய்யவில்லை. சோர்ந்த ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுத்தால் அது சோர்ந்த ஸ்பிரிங்காகத்தான் இருக்கும். பிளஞ்சர் உள்ளே போகவேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிட்டால் செயின் அடிக்கிற அடியெல்லாம், செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடு மேல் இறங்கும்.

புதிய ஸ்பிரிங் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். புதியது 72 மில்லிமீட்டர், பழையது 66. ஆறு மில்லிமீட்டர்தானே, பன்னிரண்டில் ஒரு பங்கு, அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பிளஞ்சரை விரலால் தள்ளி, அது செயின் கைடைத் தொடும் இடத்தில் நிறுத்தி ஆழத்தை அளந்தேன். ஸ்பிரிங் உள்ளே உட்காரும் நீளம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர் என்று வந்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, ஸ்பிரிங்கின் விசை எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான். மொத்த நீளத்துக்கு அதில் வேலை இல்லை. புதியது 72-லிருந்து 57-க்கு, அதாவது 15 மில்லிமீட்டர் அமுங்குகிறது. பழையது 66-லிருந்து 57-க்கு, வெறும் 9. பதினைந்துக்கு ஒன்பது என்றால் விசையில் 40 சதவீதம் போச்சு. ஸ்கேலில் சின்னதாகத் தெரிகிற குறை செயினுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

இதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் பார்க்க வேண்டும். செயின் தேய்ந்து நீண்டிருந்தால் பிளஞ்சர் இன்னும் வெளியே போய் நிற்கும், உட்காரும் நீளம் 57-க்குப் பதில் 60 ஆகும், புத்தம்புது ஸ்பிரிங்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். செயின் நீள்கிறது என்றால் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுகிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் அதைக் கோக்கும் ஊசியும் (பின்) ஊசியைச் சுற்றிய குழலும் (புஷ்) இம்மியளவு தேய்கின்றன, அத்தனை இணைப்பின் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. செயின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

அதைப் பார்த்தது திட்டமிட்டு இல்லை, ஒரு தவறால். இரண்டாம் முறை வேலைக்கு உட்கார்ந்தபோது எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டேன். பிளக் இல்லாவிட்டால் அமுக்கம் இருக்காது, கையால் சுற்றுவது எளிது. கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல் நிலைக்கு வரும் குறியைத் தேடிச் சுற்றினேன். குறியைத் தாண்டிவிட்டது. இரண்டு டிகிரிதானே என்று பின்னோக்கித் திருப்பினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

அப்படியே உறைந்துபோனேன். எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றினால் இழுவை டென்ஷனர் பக்கம் வந்துவிடும். அங்கே சோர்ந்த ஸ்பிரிங், ஆயிலும் இறங்கிப்போயிருக்கிறது. பிளஞ்சர் உள்ளே அமுங்கும், தளர்வு முழுதும் மறுபக்கம் சேரும், செயின் பல் தாவ அதுவே சரியான தருணம். குறியைத் தாண்டிவிட்டால் ஓடும் திசையிலேயே இன்னும் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறிக்கு வருவதுதான் முறை. சோம்பேறித்தனம் பார்க்கக் கூடாத இடம் அது.

வேறு வழியில்லாமல் டேப்பெட் கவரைத் திறந்தேன். திட்டத்தில் இல்லாத வேலை, புது கேஸ்கெட் வேறு தேட வேண்டும். கிராங்கை ஓடும் திசையிலேயே சுற்றி மேல் நிலைக் குறியில் நிறுத்திவிட்டுக் கேம் சக்கரக் குறியைப் பார்த்தேன். சரியாக நேர்கோட்டில் இல்லை, கால் பல் அளவு பின்தங்கியிருந்தது. முதலில் செயின் தாவிவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. செயின் தாவினால் முழுப் பல்லாகத்தான் தாவும், கால் பல் தாவ முடியாது. கேம் சக்கரத்தில் 36 பல் இருந்தால் ஒரு பல் 10 டிகிரி, கிராங்க் கணக்கில் 20 டிகிரி. அவ்வளவு விலகியிருந்தால் எஞ்சின் ஓடும்போதே தடுமாறியிருக்கும், கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 போன்ற பிழைக் குறியீடும் வந்திருக்கும். கால் பல் பின்தங்கல் செயினின் தேய்மானம். தாவவில்லை, ஆனால் நீண்டிருக்கிறது. அந்த 'டக்' வால்வு ஸ்பிரிங்குகள் கேமை லேசாக உதைத்த சத்தம்தான்.

செயினில் நிற இணைப்புகள் இருந்தால் அவை குறிகளோடு பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம். அவை செயினை முதலில் மாட்டும்போது உதவ வைத்தவை. ஒருமுறை சுற்றிவிட்டால் மறுபடி எல்லாம் ஒன்றாகச் சேர நிறையச் சுற்றுகள் ஆகும். சக்கரத்தில் உள்ள குறிகளை நம்புங்கள்.

கவர் திறந்திருந்ததால் மெல்லிய கேமரா ஒயரை உள்ளே விட்டுக் கைடுகளையும் பார்த்துக்கொண்டேன். செயின் ஓடிய இரண்டு தடங்கள் தெரிந்தன, ஆனால் ஆழமில்லை. எங்கும் விரிசல் இல்லை. பழைய ஆயிலை வடித்தபோது துணியில் வடிகட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் கதையே வேறு. கைடு உடைந்து விழும் துண்டுகள் சம்பில், அதாவது எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும், பிறகு செயினோடு சேர்ந்து பேரிங்குகளும் போகும். அந்த நிலையில் ஸ்பிரிங்கைத் தனியாக மாற்றுவதில் பயனே இல்லை, செயின், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பிளஞ்சரைத் துடைத்து அதன் குண்டு வால்வை வாயால் ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கமிருந்து காற்று போனது, மறுபக்கமிருந்து நின்றது. இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். வால்வு பிடிக்காவிட்டாலும் இதே கரகரப்பு வரும், அப்போது எத்தனை ஸ்பிரிங் மாற்றினாலும் பலன் இருக்காது. பிளஞ்சர் அதன் குழியில் தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். கீறல் இருந்து சிக்கினால் அதையும் மாற்ற வேண்டியதுதான்.

மாட்டும்போது கஷ்டமான இடம் மூடியின் முதல் மரை. ஸ்பிரிங் வெளியே தள்ளுகிறது, நாம் உள்ளே அமுக்குகிறோம், பிளாக்கோ அலுமினியம். கோணலாக மரை ஏறிவிட்டால் ஒரு ஸ்பிரிங் வேலை பிளாக் வேலையாக மாறிவிடும். ஸ்பேனரைத் தள்ளி வைத்துவிட்டு, மூடியை உள்ளங்கையால் நேராக அமுக்கிக்கொண்டு முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்பினேன். ஓர் இடத்தில் மரை மரைக்குள் விழுவது உள்ளங்கையில் மெல்லிய சொடுக்காகத் தெரியும். அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால் தானாக ஏறும். நான்காவது முயற்சியில்தான் ஏறியது. விரலாலேயே மூன்று சுற்று போகாவிட்டால் கழற்றி மறுபடி முயல வேண்டும், ஸ்பேனரால் சமாதானம் செய்யக் கூடாது.

மூடியை முழுதும் முடுக்காமல், அறைக்குள் புது ஆயிலை நிரப்பி, மேலிருந்து ஒரு மரக்குச்சியால் கைடை அழுத்தி அழுத்தி விட்டேன். மூடியின் ஓரத்தில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்று வெறும் ஆயில் கசிய ஆரம்பித்ததும் முடுக்கினேன், மேனுவல் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து. செம்பு வாஷர் புதியது. பழையதை மறுபடி போட்டு முதல் முறை ஒழுகவிட்டது போதும்.

பிறகு கிராங்கை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று. மெதுவாக, ஒரு கை ஸ்பேனரில், காது எஞ்சினில். எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்திவிட வேண்டும், பலம் காட்டக் கூடாது. முட்டவில்லை. குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வந்தன, அதே கால் பல் பின்தங்கலோடு.

கவரை மூடி, மேனுவல் சொல்லும் தரத்திலான ஆயிலையே இந்தமுறை ஊற்றி, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஐந்தைந்து நொடியாக மூன்று முறை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். ஆயில் விளக்கு அணைந்தது. ஃப்யூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். அரை நொடி லேசாக ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கிலேயே ஓடவிட்டு மூடியைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மறுநாள் காலை பையனைக் கைபேசியில் அழைத்துப் புதுப் பதிவை அனுப்பினேன். பழையதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க ஸ்டார்ட் பண்ணவே மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றான்.

அந்தக் கால் பல் பின்தங்கலை மட்டும் நான் மறக்கவில்லை. செயினுக்கு ஆயுள் கொஞ்சம்தான் மிச்சம் என்பதற்கு அது அடையாளம், புது ஸ்பிரிங் அதைக் குறைக்கவில்லை. மூடுவதற்கு முன் கேம் சக்கரத்தில் இப்போதைய நிலையை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைத்தேன். அடுத்த இரண்டு ஆயில் மாற்றத்துக்குப் பிறகு கவரைத் திறந்து பார்ப்பேன். பின்தங்கல் அரைப் பல்லை எட்டியிருந்தால் செயினையும் கைடுகளையும் சேர்த்து மாற்றிவிடுவதாக முடிவு. அந்த வேலைக்கு டைமிங் கவரைக் கழற்ற வேண்டும், அதை நான் செய்யப்போவதில்லை. கைதேர்ந்த ஒருவரிடம் விட்டுவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் காட்டுவேன்.